நான் முறுக்கிய பதினொரு போல்ட்டுகள்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பம்பு தொழிற்சாலை வேலை உனக்குப் பிடித்திருக்கும். பிடிக்காவிட்டாலும் நீ வாய் திறக்கமாட்டாய்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் காரை மறுபடி ஓட வைத்துவிட்டேன். சோதனை ஓட்டத்தில் தீப்பிடித்த நாளிலிருந்து இரண்டு வருஷமாகக் கொட்டகையில் துணி போர்த்திக் கிடந்தது. உனக்கு மறந்திருக்கலாம்; தினமும் அதன் பக்கத்தில் சைக்கிளை நிறுத்துகிற எனக்கு மறக்க வழியில்லை. கருகிய ஒயர்களை மாற்றினேன். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ள நீ மாட்டிய டர்போ இன்னும் பழையபடி சீறுகிறது. ஆனால் எண்ணெய் ஒழுகுகிறது. அன்றைக்கு ஒழுகிய அதே இடம்தான், என்ஜினின் மேல்மூடியான வால்வு கவரின் பின்ஓரம். அங்கிருந்து வழிந்து சூடான புகைக்குழாய் மேல் சொட்டுகிறது.

அந்தக் கவரை அன்றைக்கு மாட்டியவள் நான். "பொம்பளப் புள்ள கை, போல்ட்ட ஒழுங்கா முறுக்கல" என்று முதலாளி பட்டறையில் எல்லார் முன்னாலும் சொன்னார். மறுநாளிலிருந்து என்னை டயர்ப் பிரிவுக்கு மாற்றினார். என்ஜின் பக்கம் போனால் இன்றைக்கும் "என்னம்மா, வழி தவறிட்டியா?" என்று கேட்கிறார். கையில் தீக்காயத் தழும்பு மங்கிவிட்டது. அந்தப் பேச்சு மங்கவில்லை.

இந்தத் தடவை மூடிக்கு அடியில் கசிவை அடைக்கப் புது கேஸ்கெட் போட்டு, டார்க் ரெஞ்ச் வைத்துப் பதினொரு போல்ட்டையும் அளவாக, வரிசைப்படி முறுக்கினேன். அப்படியும் ஒழுகுகிறது. சாதாரண என்ஜினைப் பிரித்து டர்போ பொருத்தியவன் நீ. அடுத்து எங்கே பார்க்கட்டும்?

"ஒழுகறது வண்டியா, உன் மூளையா?" என்று அம்மா கேட்கிறாள். அவளுக்கும் சேர்த்து பதில் எழுது.

உன் தங்கை

பிப்ரவரி 12

பாசமுள்ள ஸ்பேனருக்கு,

உன் எழுத்தைக் கடித உறை மேல் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று பயந்தேன். கடைசியில் அந்தப் பாழாய்ப்போன வண்டி. அதைக் காயலான் கடைக்குப் போட்டிருப்பாய் என்று நினைத்திருந்தேன்.

சூட்டில் வால்வு கவர் வளைந்திருக்கலாம். தட்டையான கண்ணாடி மேல் அதை வைத்துப் பார். ஆடினால் அரம் போட்டுச் சமன் செய். கேஸ்கெட்டின் இருபக்கமும் மெல்லிசாகப் பசை தடவு. அதற்கும் அடங்காவிட்டால் வண்டியை விற்றுவிடேன். ஆசைப்பட்ட வரைக்கும் போதும். உனக்கும் வயசாகிறது, எனக்கும் வயசாகிறது, அதற்கு மட்டும் ஆகாதா?

உன் அண்ணிக்குக் கால்வலி. அம்மாவிடம் சொல்லாதே.

அண்ணன்

மார்ச் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

கவர் கொஞ்சம் ஆடியது. சமன் செய்தேன், பசையும் தடவினேன். இரண்டு நாள் காய்ந்தே இருந்தது. மூன்றாம் நாள் மேட்டில் வேகமாக ஏறினேன், திரும்பி வந்து பார்த்தால் மறுபடி ஈரம்.

எண்ணெய் கசிகிற இடம் ஒன்று, கண்ணுக்குத் தெரிகிற இடம் இன்னொன்று என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். காற்று பின்னால் தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் என்ஜினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, துடைத்து, காயவைத்து, மேலெல்லாம் முகப்பவுடரைத் தூவினேன். அம்மாவின் டப்பா காலி. "பொண்ணு பாக்க வர்றாங்களா உன் வண்டிய?" என்று திட்டினாள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்த்தேன். பவுடர் பொய் சொல்லாது. கவரின் பின்ஓரத்தில் ஒரு கோடு. முன்பக்கத்தில் சுழல்தண்டைச் சுற்றி எண்ணெயை அடைக்கிற கிராங்க் சீலிலும் ஒரு கோடு. எண்ணெய் அளவுக் கம்பியைச் செருகுகிற குழாயின் வாயிலும் ஈரம். ஒரே நேரத்தில் மூன்று இடம்.

மே மாதம் மலையேற்றக் கார் பந்தயம் இருக்கிறது. ஓட்டுநர், மெக்கானிக் இரண்டு இடத்திலும் என் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் விற்கிற பேச்சை விட்டுவிடு.

அண்ணி காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கட்டும். அம்மாவிடம் சொல்லவில்லை.

உன் தங்கை

மார்ச் 9

ஸ்பேனருக்கு,

பிடித்தால் நீ உடும்புப்பிடி. முன்சீல், பின்சீல் இரண்டையும் மாற்று, பழசாகி இறுகியிருக்கும். கொஞ்சம் கெட்டியான எண்ணெய் ஊற்று. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த வண்டியில் மலை ஏறாதே. எனக்கு இங்கே தூக்கம் வரவில்லை.

அண்ணன்

ஏப்ரல் 6

அண்ணனுக்கு,

சீல் இரண்டையும் மாற்றினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அப்புறமும் ஒழுகியது.

புது கேஸ்கெட், புது சீல், எல்லாம் சேர்ந்தாற்போல் கெட்டுப்போகுமா? குற்றம் அவற்றின் மேல் இல்லை, உள்ளிருந்து எதுவோ தள்ளுகிறது என்று தோன்றியது. அளவுக் கம்பியை உருவிவிட்டு, குழாய் வாயில் ரப்பர் கையுறை ஒன்றைக் கட்டினேன். டயர்ப் பிரிவுப் பெரியவரை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். தொங்கிக்கொண்டிருந்த கையுறை உப்பி, ஐந்து விரலும் விரைத்து நின்றது. "என்னம்மா, உன் என்ஜின் ஆசீர்வாதம் பண்ணுது" என்றார்.

பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் புகை எப்போதும் கீழே இறங்கும். அது வெளியேறத்தான் பிரீதர் குழாய். அந்தக் குழாயின் ஒரு முனை வால்வு கவரில் இருக்கிறது. அதை எத்தனையோ தடவை கழற்றி மாட்டியிருக்கிறேன். மறுமுனை டர்போவுக்கு அடியில், கை நுழையாத மூலையில். டர்போவையே இறக்கினேன். குழாய்க்குள் ஓர் அலுமினிய அடைப்பு. லேத்தில் கடைந்தது. சுற்றிலும் இரண்டு பள்ளக்கோடு வெட்டி, ஓரத்தைச் சாய்வாக மழுக்கியிருந்தது. அப்படி மழுக்குகிற கை எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.

அதை எடுத்துவிட்டு ஓட்டினேன். ஒரு சொட்டு இல்லை.

பிறகு உன் இரண்டு கடிதங்களையும் எடுத்துப் படித்தேன். கேஸ்கெட்டைப் பார்க்கச் சொன்னாய், சீலை மாற்றச் சொன்னாய், கெட்டி எண்ணெய் ஊற்றச் சொன்னாய், விற்கச் சொன்னாய். பிரீதர் என்ற சொல் எங்கேயும் இல்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட அதைச் சொல்லியிருப்பான். உனக்கு மறந்துபோயிற்றா, இல்லை நினைவிருந்ததால்தான் எழுதவில்லையா? இதற்கு மட்டும் பதில் எழுது.

தங்கை

ஏப்ரல் 15

தங்கைக்கு,

நினைவிருந்தது.

சோதனை ஓட்டத்துக்கு முந்தின நாள், எண்ணெய்ப் புகை பிரீதர் வழியாக டர்போவுக்குள் போய் வண்டி வெள்ளையாகப் புகை கக்கியது. முதலாளி பார்க்க வருகிறார், மானம் போகக் கூடாது என்று ஒரே ஒரு நாளைக்காக அடைத்தேன். காலையில் நீ வண்டியில் ஏறும்போது, "பிரீதர் சரியா இருக்காண்ணா?" என்று கேட்டாய். "நீ உன் போல்ட்ட பாரு" என்றேன்.

தீயை அணைக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. முதலாளி உன்னைச் சொன்னபோது, நான் உன் கைக்கு ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. ஒரு வாரம் போகட்டும், சொல்லலாம் என்றிருந்தேன். வாரம் மாதமாயிற்று. அப்புறம் இந்த ஊரில் வேலை கிடைத்தது. கிடைத்தது என்ன, தேடிக்கொண்டு ஓடிவந்தேன்.

நேற்று உன் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்டு இங்கே ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். அதற்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது.

அண்ணன்

மே 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ பட்டறைக்கு வந்த அன்று நான் டயர் வாங்க வெளியே போயிருந்தேன். பெரியவர்தான் சொன்னார். "எல்லாரும் டீ குடிச்சிட்டிருந்தோம். உங்கண்ணன் நேரா உள்ள வந்து, 'அன்னிக்கு தீப்பிடிச்சது என்னாலதான். அவ முறுக்குன போல்ட்டுல ஒரு குறையும் இல்ல'ன்னாரு. முதலாளி கிளாஸைக் கீழ வெச்சவர் அப்புறம் எடுக்கவே இல்ல." நீ ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினாயாம். வீட்டுக்கும் வரவில்லை. அம்மாவுக்கு அதில் வருத்தம்.

மறுநாள் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைலேருந்து என்ஜின் பக்கம் வந்துடும்மா" என்றார். "வர்றேன் சார். ஆனா அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இதையும் அப்படியே சொல்லுங்க" என்றேன். கசப்பு மருந்தை விழுங்குகிற மாதிரி சொன்னார். சொன்னார், அது போதும்.

புகை டர்போவுக்குள் போகாதபடி, பிரீதர் குழாயின் வழியில் ஒரு சின்ன டப்பா வைத்துவிட்டேன். எண்ணெய் அதில் தங்கிவிடுகிறது. ஞாயிறன்று மலை ஏறினேன். பதினான்கு வண்டியில் ஒன்பதாவது. கொண்டை ஊசி வளைவுகளில் நான் இன்னும் பயப்படுகிறேன், வண்டி பயப்படவில்லை. மேலே போய் நிறுத்தியதும், பந்தய உடுப்போடு அடியில் படுத்துப் பார்த்தேன். எல்லாம் காய்ந்திருந்தது.

அண்ணா, கை சுட்டதற்காக எனக்குக் கோபமில்லை. இரண்டு வருஷம் என் கையையே நான் நம்பவில்லை. ஒரு டயர் போல்ட்டை முறுக்கிவிட்டு மூன்று தடவை திரும்பிப் போய்த் தொட்டுப் பார்ப்பேன். அது உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இப்போது தெரிந்துகொள். இந்தக் கோபம் எப்போது ஆறும் என்று எனக்கே தெரியாது.

நமக்குள் இதோடு சரி என்று ஒரு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் ஆகிவிட்டது.

பதில் எழுது. என்ஜினைப் பற்றி வேண்டாம்.

உன் தங்கை