வெல்வெட்டும் சந்தனப் பொட்டும்

21 செப்டம்பர் 1994

இன்றும் ஜாங்கிரிதான். வரிசையாக நிற்க வேண்டிய என் திரவப் படிகம், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கோணல் மாணலாகக் கோடு பிழிந்து வைத்திருக்கிறது. பாலிமர் பூசிய கண்ணாடியை வெல்வெட்டால் ஒரே திசையில் தேய்த்து, அப்படி இரண்டை எதிரெதிரே ஒட்டி, நடுவில் படிகத்தை விடுகிறேன்; இதுதான் 'செல்'. தேய்த்த திசையில் அது அடங்கிப் படுக்க வேண்டும். படுத்தால்தானே!

என் பிஎச்.டி. கைடு பாலகோபால் சார் இன்று சொல்லிவிட்டார். "தீபாவளிக்குள்ள ஒரு நல்ல செல் காட்டுங்க பொற்கொடி. இல்லீன்னா தலைப்ப மாத்திக்கலாம்."

இரண்டு வருட உழைப்பு. மாத்திக்கலாமாம்!

28 செப்டம்பர்

குற்றம் வெல்வெட்டுடையது. ஆர்.எஸ்.புரத்தில் மெரூன் வெல்வெட் ஜாக்கெட் துணி கேட்டேன். ஒரு சாண் போதும் என்றதும் கடைக்காரர், "பொம்மைக்குங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

30 செப்டம்பர்

மெரூன் ஜாங்கிரி.

12 அக்டோபர்

நாளை ஆயுத பூஜை. ஆறு கண்ணாடிகளைத் தேய்த்து, தேய்க்கத் தொடங்கிய ஓரம் மேலே இருக்கும்படி தட்டில் அடுக்கிவிட்டு வந்தேன்.

15 அக்டோபர்

ஐயோ! ஆறிலும் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். அட்டெண்டர் திருமலைசாமியண்ணனிடம் கத்தித் தீர்த்துவிட்டேன். கழுவினால் தேய்த்ததெல்லாம் வீண்.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. மைக்ராஸ்கோப்புக்கு வெச்சுப்போட்டு இதுகளுக்கு வெக்காம உடலாமுங்களா? மேலோரமா, நெத்தியிலதானுங்க வெச்சேன்."

முகம் வாடிப் போனார். எனக்கும் சோறு இறங்கவில்லை.

17 அக்டோபர்

வேறு கண்ணாடி இல்லை. பொட்டோடு ஒட்ட எடுத்தேன். ஒன்றைக் கவிழ்த்துப் பொருத்தினால் — ஒரு பொட்டு மேலே, ஒன்று கீழே!

அப்படியென்றால் இத்தனை நாளும்? கண்ணாடியை நான் தோசை போலத் தலைகீழாகப் புரட்டியிருக்கிறேன். புத்தகத் தாள் போலப் பக்கவாட்டில் புரட்டியிருந்தால் இரண்டிலும் தேய்ப்பு ஒரே திசையில் ஓடியிருக்கும். பாவம் வெல்வெட். குற்றம் முழுக்க என்னுடையதுதான்.

பொட்டோடு பொட்டு சேர்த்து ஒட்டிவிட்டேன்.

18 அக்டோபர்

மைக்ராஸ்கோப் மேடையைத் திருப்பினேன். படிகம் சீராகப் படுத்திருந்தால் ஒரு கோணத்தில் எல்லாம் இருள வேண்டும்; மொத்தமாக இருண்டது. ஒரு கோடு இல்லை. லேபிலேயே அழுதுவிட்டேன். சார் குனிந்து பார்த்து, "இதத்தானுங்க கேட்டேன்" என்றார்.

திருமலைசாமியண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்னுங்க" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். இன்னும் வருத்தம் போகவில்லை போல.

9 நவம்பர்

அறிக்கையில் 'சந்தனம்' என்று எழுதியிருந்தேன். சார் அடித்துவிட்டு 'அடையாளப் புள்ளி' என்று திருத்தினார்.

மதியம் புதிய கண்ணாடிகளைத் தேய்த்து வைத்தேன். திருமலைசாமியண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, இதுகளுக்கு நெத்தி எந்தப் பக்கமுங்க?"