ஆறாவது தகட்டில் இருந்த கை

இன்று காலை காயல்பட்டினத்தில் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து தின்னர் டப்பாவைத் திறந்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதுமே நீ வந்து பக்கத்தில் நின்றுவிட்டாய். உயிரோடு இருந்தபோது ஒருநாளும் வேலைக்கு இவ்வளவு சீக்கிரம் நீ வந்ததில்லை.

நம் பட்டறையின் பெயர் கெட்டுக்கொண்டிருந்த அந்த வருடத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நாம் செய்து கொடுத்த கேட்டெல்லாம் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் துருப்பிடித்தன. இன்னும் நாலு பேர் சண்டைக்கு வந்தால் பட்டறையைப் பூட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போக வேண்டியதுதான் என்ற நிலைமை. துரு ஏறாமலிருக்க பெயிண்டுக்கு அடியில் பூசும் பிரைமரை மாற்றி, எபாக்ஸிக்குப் போவோம் என்றேன் நான். "ரெட் ஆக்சைடுக்கு என்னலே கொறச்சல்? எபாக்ஸின்னா ரெண்டு டப்பாவ கலக்கணும், ஊற விடணுமாம். பெயிண்டா, இட்லி மாவாலே அது?" என்றாய் நீ.

பேசிப் பேசி டீதான் தீர்ந்தது. கடைசியில் ஒரே இரும்புத் தகட்டில் ஆறு துண்டு வெட்டினோம். இரண்டுக்கு ரெட் ஆக்சைடு, இரண்டுக்கு ஜிங்க், இரண்டுக்கு எபாக்ஸி. உப்பளக் கரையில் மூன்று மாதம் தொங்கட்டும், எது தாக்குப்பிடிக்கிறதோ அதுதான் இனி நம் பட்டறைக்கு என்று முடிவு செய்தோம்.

உனக்கு ஒரு பழக்கம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னரில் துடைத்து, இரும்பு பளபளவென்று வந்ததும், கன்றுக்குட்டியைத் தட்டுவதுபோல உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, "போதும்லே, பிரைமர அடி" என்பாய். ஐந்து தகடுகளை அப்படித் தட்டினாய். கடைசி எபாக்ஸித் தகடு தயாரானபோது நீ டீ வாங்கப் போயிருந்தாய். அதை நான் தட்டினேன். உன்னோடு இருந்து இருந்து அது எனக்கும் தொற்றியிருந்தது.

மூன்று மாதம் கழித்து, உனக்கு முன்னால் நான்தான் உப்பளத்துக்குப் போனேன். ஐந்து தகடுகளிலும் பூச்சைத் துளைத்துக்கொண்டு துருவில் ஒரு கை. ஆள்காட்டி விரல் பாதிதான். மீதியைக் கிரைண்டர் எப்போதோ வாங்கிக்கொண்ட உன் கை! பிரைமர் எதுவானாலும், வெறும் இரும்பில் வியர்வைக் கை பட்டால் அந்த உப்பு அடியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. ஆறாவது தகட்டிலும் ஒரு கை இருந்தது. அதில் ஐந்து விரலும் முழுசு.

அதைக் கழற்றி வாய்க்காலில் எறிந்தேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. உன்னை ஆயுளுக்கும் கேலி செய்ய அப்படி ஒரு வாய்ப்பு கிடைத்திருந்தது, அந்தக் கேலியில் பாதியை நானும் வாங்கிக்கொள்ள மனசில்லை.

நீ வந்து உன் கையைத் தகட்டின் மேல் வைத்துப் பார்த்தாய். அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. "ஏலே, நாந்தானா?" என்றாய். ஆறாவது எங்கே என்று கேட்டதற்குக் காற்றில் விழுந்துவிட்டது என்றேன். "அது ஒண்ணுதான் நான் தொடாதது. நல்லா நின்னுருக்கும்லே" என்று எனக்காக வருத்தப்பட்டாய். நான் தலையை வேறு ஆட்டினேன்.

அத்தோடு விட்டாயா? கேட் செய்து கொடுத்த வீடுகளுக்கெல்லாம் பைக்கில் போய், குட்டை விரலைக் காட்டி, "தப்பு இந்தக் கை மேலதான்" என்று சொல்லிவிட்டு வந்தாய். அன்றிலிருந்து கிளவுஸ் போடாமல் இரும்பைத் தொடவில்லை. டீக்கடைக்கும் அதோடுதான் போவாய். "டாக்டரே, ஆபரேசன் முடிஞ்சிட்டா?" என்பார் கடைக்கார அண்ணாச்சி. உனக்குத் துணையாக என்று சொல்லி நானும் கிளவுஸ் மாட்டிக்கொண்டேன். அதற்கும் நீ நெகிழ்ந்து போனாய். பிறகு ரெட் ஆக்சைடும் துருவேறாமல் நின்றது, எபாக்ஸி அதைவிடக் கூடுதலாக நின்றது, பட்டறை பிழைத்தது.

சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்றே வருடங்கள் ஓடின. போன மழைக்கு நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை.

இன்று வேலைக்குப் போன வீட்டில் இருப்பது நாம் அந்தக் காலத்தில் செய்த கேட். அந்த ஊர் வழக்கப்படி அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவோமே, அந்த வீட்டுக்காரர் அதில் ஒரு கறையைக் காட்டினார். "வருசா வருசம் பெயிண்ட் அடிச்சும் அதே எடத்துல வருது. ஒங்க கூட்டாளி கைதானே? பாவம், அவரே வந்து சொன்னாரு." குனிந்து எண்ணினேன். ஐந்து விரலும் முழுசு.

"அவன் கை இல்ல காக்கா. இது எங் கை" என்றேன். இத்தனை வருடம் வராத வார்த்தை ஒருவழியாக வந்துவிட்டது.

அவர் கண் கலங்கிவிட்டது. "மவுத்தாப் போனவர் மேல பழி வரக்கூடாதுன்னு நீங்க ஏத்துக்கிறீங்க. இந்தக் காலத்துல யாரு இப்படி இருக்கா?" என்றார். என் கையைக் கறையின் மேல் வைத்தே காட்டினேன். "எல்லார் கையும் அப்படித்தான் அண்ணாச்சி இருக்கும்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் டீ கொடுத்தார். நான் குடித்து முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரரிடமும் என் பெருமையைச் சொல்லியாயிற்று.

உன் பெயரை மீட்கப் போய் எனக்கு நல்ல பெயர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அது என் கைதான் என்று சொன்னால் உடனே நம்பி, பட்டறையே அதிரும்படி என்னைத் திட்டக்கூடியவன் ஒருத்தன்தான் இருந்தான். அவனிடம்தான் சொல்லாமல் விட்டேன்.