உயிரோடு இருந்தால் போதுமா

மைசூர், செவ்வாய்க்கிழமை இரவு

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து கேட்டுப் பதிவது என் வேலை. இன்று மார்டள்ளி என்ற தமிழ்க் கிராமத்துக்குப் போட்டேன். நாக்குப் புற்றுக்கு ஆபரேஷன் ஆன ராமசாமியின் மனைவி எடுத்தார்.

"உசுரோட இருக்காருங்க. பேச்சு போயிருச்சு. கஞ்சிகூட எறங்க மாட்டேங்குது. என்னைய எதுக்குப் பொழைக்க வெச்சீங்கன்னு சிலேட்டுல எழுதிக் காட்டறாரு."

உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் பதிந்தால் போதாது, சாப்பாடு, பேச்சு எல்லாவற்றையும் பதிய வேண்டும் என்று பெரிய டாக்டரிடம் மறுபடியும் கேட்டேன். உயிரோடு இருந்தால் வெற்றிதான் என்றார். ராமசாமியை வெற்றிப் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. போனை வைக்கும்முன் அந்த அம்மா கேட்டார்: "அடுத்த தடவையும் உசுரோட இருக்காரான்னுதான் கேப்பீங்களா கண்ணு?"

ஆமாங்கம்மா என்றேன்.