முதலில் சொல்லும் பெயர்கள்

அன்புள்ள அக்கா,

நேற்றுக் கட்டிய நீலச் சேலையைத் தோய்க்க எடுத்தேன். முந்தானையில் கரும்புப்பாகு ஒட்டிக் காய்ந்திருக்கிறது. மணந்து பார்த்தேன். இனிப்பு மணம் வந்தது, அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. மாசியில் நீங்கள் போனதிலிருந்து எனக்கு இப்படித்தான். பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி. தொட்டால் தெரிகிறது, நோகவில்லை. உங்கள் செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் தேத்தண்ணீர் கொடுத்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சிலர் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

நேற்று மர்த்தாவின் ஆட்களுடைய பாட்டு நாள். நீங்கள் இல்லாமல் நான் போன முதல் தடவை.

பார்க் எக்ஸ்டென்ஷனில் அந்தப் பிள்ளைகள் காப்பகத்தின் சமையலறையில் நீங்களும் நானும் மர்த்தாவும் வேலைசெய்த காலத்தில் தொடங்கியது இது. மீன் சமைக்கிற நாளில் நீங்கள் அடுப்புப் பக்கமே வரமாட்டீர்கள். கரையோரத்தில் பிறந்த மனுசி மீனைக் கண்டு ஓடுவதைக் கியூபாக்காரியான மர்த்தாவால் நம்ப முடியவில்லை. ஏன், ஏன் என்று குடைந்தாள். உங்களுக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னீர்கள்: மகன் படகில் வெளிக்கிட்டான், படகு எங்கேயும் போய்ச் சேரவில்லை, அந்தக் கடலில் கிடக்கும் மீனை நான் எப்படித் தின்பேன் என்று.

மர்த்தா கையைக் கழுவிவிட்டு வந்து உங்கள் பக்கத்தில் இருந்தாள். கடலுக்கு ஒரு தாய் இருக்கிறாள், பெயர் யெமாயா, மீன்களைப் பிள்ளைகளாகப் பெற்றவள் என்றாள். ஆப்பிரிக்காவில் யொரூபா மக்களுக்கு அவள் ஓர் ஆற்றின் தெய்வமாம். அவர்களை அடிமைகளாகக் கப்பலில் ஏற்றியபோது கூடவே வந்து கடலுக்குத் தாயானாளாம். மொன்றியலில் கடல் இல்லாதபடியால் இங்கே மறுபடியும் ஆற்றுக்குத்தான் வத்தகப்பழமும் கரும்புப்பாகும் கொண்டுபோகிறார்கள். நீங்கள் கரட் சீவினீர்கள். பஸ்ஸில் வரும்போதுதான் வாய் திறந்தீர்கள்.

"பிள்ளை, அவவின்ரை கோயில் எங்கை இருக்கெண்டு மர்த்தாவிட்டைக் கேளும்."

கோயில் இல்லை, ஒரு பழைய கட்டடத்தின் நிலக்கீழ் மண்டபம். நீங்களோ தலைமுழுகி, விரதமிருந்து, தேங்காய் பழம் வெற்றிலையோடு அர்ச்சனைத் தட்டும் கையுமாக வந்து நின்றீர்கள். பாட்டை எடுத்துக் கொடுக்கும் கிழவரிடம் தட்டை நீட்டி, மகனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னீர்கள். நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வது உயிரோடு இருப்பவர்களுக்கு அல்லவா? அவன் செத்துவிட்டான் என்று எண்ணி அந்தியேட்டிக் கிரியையைச் செய்து முடி என்று வந்த சொந்தக்காரர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவர் நீங்கள்.

கிழவர் தட்டை மரியாதையாக வாங்கிக்கொண்டு மர்த்தாவிடம் ஏதோ கேட்டார். அவள் எனக்குச் சொல்ல, நான் உங்களுக்குச் சொன்னேன். அவர்களுடைய முறையில், நிலத்தில் தண்ணீர் விட்டு, செத்தவர்களின் பெயர்களைத்தான் முதலில் சொல்வார்கள். மேளமும் தெய்வமும் அதற்குப் பிறகுதான். இந்தப் பிள்ளையின் பெயரைச் செத்தவர்களோடு வைக்கவா, இருப்பவர்களோடு வைக்கவா என்று கேட்கிறார்.

"அது எனக்குத் தெரியாதெண்டு சொல்லும்."

அவர் வற்புறுத்தவில்லை. தண்ணீர் விட்டபோது உங்கள் மகனின் பெயர் வரவில்லை. மடியில் வைத்து அடிக்கும் மூன்று மேளங்களும் தொடங்கின. அவர் ஓர் அடி பாட, எல்லோரும் திருப்பிப் பாடினார்கள். பஜனையில் பழகிய உங்களுக்கு அது பெரிய வேலையா? சொல் விளங்காமலே தாளம் பிசகாமல் பாடினீர்கள். நான் வாய்க்குள் ஈ புகுந்துவிடும் என்பதுபோல் சும்மா உதட்டை அசைத்தேன். "வடிவாய் வாயைத் திறவும், இலையான் போகாது" என்று விலாவில் இடித்தீர்கள்.

வருடா வருடம் அவர் கேட்டார். வருடா வருடம் அதே பதில். போன வருடம் மருந்து ஏற்றி மெலிந்த உடம்போடு, வெறுங்கையோடு வந்தீர்கள். அவர் கேட்க முன்னமே என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்.

"முதல் சொல்லுற பேரோடை சொல்லச் சொல்லும். நானும் போனாப் பேந்து ஆர் இதைச் சொல்லுறது?"

கிழவரின் வாயில் உங்கள் மகனின் பெயர் கொஞ்சம் கோணலாக வந்தது. நீங்கள் அதைத் திருத்தவில்லை. பொழுதுபட முன்னம் மேளத்தை நிறுத்தும்வரை இருந்து பாடினீர்கள். திரும்பும் வழியில் "பசிக்குது பிள்ளை" என்றீர்கள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது!

நேற்றுக் கிழவர் எனக்குப் பின்னால் பார்த்தார். "அக்கா?" என்று கேட்டார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆனால் மர்த்தா பதிலை எனக்கே விட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாசியிலிருந்து எல்லோரிடமும் 'அக்கா போயிட்டா' என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன், எங்கேயோ கடைக்குப் போனவரைச் சொல்வதுபோல. தெரியாது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நீங்கள் அத்தனை வருடமும் எதைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள் என்று அப்போது விளங்கியது.

"செத்துப்போனா" என்று தமிழில் சொன்னேன். யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவர் தண்ணீரை எடுத்தார்.

நான் அழவில்லை, அக்கா. இன்றைக்கும் அழவில்லை. ஆனால் மேளம் தொடங்கியபோது நான் வாய் திறந்து பாடினேன். சொல் ஒன்றும் விளங்கவில்லை, குரலும் நன்றாக இல்லை. இனி இந்த இரண்டு பெயர்களையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவள் நான்தான். கொடுப்பேன். மகனின் பெயர் முதலில், தாயின் பெயர் பிறகு. தாய்க்கு முன்னம் பிள்ளையைச் சொல்லுகிற அந்த வரிசை மட்டும் எனக்கு இன்னும் வாயில் பழகவில்லை.