பின்னறையிலிருந்து முன்னறைக்கு ஒரு கேபிள்

ஆவணி 12, புதன்

காலையில் தூறல். மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. மணிலாக் கடலை காயப்போட முடியாது.

மருமகள் மல்லிகா வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக் கொடுக்கிறாள். முன்னறையில் புது கம்ப்யூட்டர், பிரிண்டர். பின்னறையில் பழையது. பழையதில் அடித்தால் பிளாப்பியில் ஏற்றி முன்னறைக்குக் கொண்டுபோக வேண்டும். பிளாப்பி பாதி நாள் ஏமாற்றுகிறது. அதனால் இப்போது பழையதில் நான் மட்டும்தான். எனக்காக எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருக்கிறாள். கண்ணாடி வேண்டாம். போன வருஷம்தான் இரவுப் பள்ளியில் எழுத்துக் கூட்டினேன். இன்று ‘கத்தரிக்காய்’ அடித்தேன். தப்பில்லை.

சாப்பிடும்போது மகன் ஏழுமலை: “பழசைக் குடுத்துடலாம்பா. சும்மா இடத்த அடைச்சிக்கினு. கீழ்பென்னாத்தூர்ல ஒருத்தர் கேக்கறாரு. ஞாயித்துக்கெழம வரச் சொல்லிட்டேன்.”

பழசு போனால் நான் எதில் அடிப்பது?

மல்லிகா: “ரெண்டையும் கேபிள்ல சேத்துட்டா, பின்னாடி அடிச்சி முன்னாடி பிரிண்ட் எடுக்கலாங்க. ரெண்டு பேர் வேலை பாக்கலாம்.”

“அப்ப ஞாயித்துக்கெழமைக்குள்ள சேத்துக் காட்டு.”

நான் மல்லிகா கட்சி.

ஆவணி 14, வெள்ளி

கேபிள் வந்தது. நீல நிறம். இரண்டு கம்ப்யூட்டரை நேராகச் சேர்ப்பதற்குத் தனி மாதிரியாம். கடையில் சொல்லிச் செய்து வாங்கினாள்.

என் வீட்டுக்காரி பூங்காவனத்துக்குக் கவலை. “டெலிபோன் பில்லு ஜாஸ்தி வருமாடி?”

“இது வெளியவே போவாது அத்த. நம்ம வூட்டுக்குள்ளயேதான்.”

சாமி படத்துக்கு முன்னால் கேபிளை வைத்துக் கற்பூரம். கம்ப்யூட்டர் இரண்டுக்கும் சந்தனம், குங்குமம். கேபிளின் இரண்டு முனைக்கும். மாட்டும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். டக்கென்று உட்கார்ந்தது.

மல்லிகா இரண்டிலும் ஏதோ எண் கொடுத்தாள். இது அதற்குத் தெரியவில்லை. அது இதற்குத் தெரியவில்லை. விளக்கு வைக்கும்வரை அப்படியே.

ஆவணி 15, சனி

வெயில். மணிலா காய்கிறது.

மல்லிகா எண்ணை அழித்து அழித்துப் போடுகிறாள். முகம் வாடிவிட்டது. ஏழுமலை பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டரின் அட்டைப்பெட்டியை இறக்கிவிட்டான். பார்க்கப் பிடிக்கவில்லை. அதன்மேல் போர்வையைப் போட்டேன்.

மத்தியானம் கம்ப்யூட்டர் கடை பாபு வந்தார். கேபிளைப் பிடுங்கி முனையைப் பார்த்தார். மோந்தார்.

“இன்னாங்க, சந்தன வாசனை வருது?”

“பொட்டு வெச்சேம்பா. புது சாமானாச்சே,” என்றாள் பூங்காவனம்.

“பொட்டு நெத்திக்கு வெப்பாங்க ஆயா. நீங்க வாயில அப்பிட்டீங்களே!”

“நெத்தி எது, வாய் எதுன்னு அதுல எழுதியா கீது?”

நியாயம்தான்.

பித்தளை மாதிரி மின்னும் இடத்தைச் சந்தனம் காய்ந்து மூடியிருக்கிறது. அதையே நான் அழுத்தி மாட்டியிருக்கிறேன். பாபு இரண்டு முனையையும் வெட்டிப் புதிது போட்டார். கேபிள் மாட்டும் துளைகளைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்தார். மாட்டினார். துளை ஓரத்தில் பச்சை விளக்கு!

“மாமா, எதனா அடிங்க.”

‘பூங்காவனம்’ என்று அடித்தேன். முன்னறையில் பிரிண்டர் கரகரவென்றது. மல்லிகா ஓடிப்போய்த் தாளைக் கொண்டுவந்தாள்.

“இன்னா போட்டுகீது?”

“உம்பேருதான்.”

“ஐயே, இம்மாம் பெருசாவா?”

நாலாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

ஆவணி 16, ஞாயிறு

கீழ்பென்னாத்தூர்க்காரருக்கு ஏழுமலை போன் போட்டு வர வேண்டாம் என்றான். பெட்டி பரணுக்குப் போனது. கேசரி. நான் இரண்டு தரம்.

ஆவணி 18, செவ்வாய்

முகூர்த்த மாதம். பத்திரிகை வேலை குவிகிறது. பக்கத்துத் தெரு சரசுவை மல்லிகா வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள். காலையிலிருந்து பழைய கம்ப்யூட்டரில் சரசு. வாசற்படியில் நின்று பார்த்தேன்.

“இன்னா தாத்தா, எதனா வேணுமா?”

“ஒண்ணுமில்லம்மா. நீ பாரு.”

அவள் சாப்பிடப் போகும் நேரம்தான் எனக்கு. முன்னாலேயே சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தேன். நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. ‘ஆவணி’ அடித்தேன். ‘முகூர்த்தம்’ ஆரம்பித்தேன். பாதியில் சரசு கை கழுவும் சத்தம்.