எந்த ஊர் எண்ணும் இல்லாத வண்டி

இன்று காலை நம் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு தம்பி குனிந்து உட்கார்ந்திருந்தார். சென்னைக்காரர், ஹிஞ்சேவாடியில் ஐ.டி. வேலை, மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறார். தன் பைக்கின் கழுத்துப் பகுதியில் ஒரு துண்டுத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டு எண்ணை மகாராஷ்டிர எண்ணாக மாற்ற, இரும்பில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணைத் தாளில் அப்படியே எடுத்துக் கொடுக்க வேண்டும் அல்லவா, அதற்காக.

"தாள் கிழிஞ்சுக்கிட்டே இருக்கு அங்கிள்" என்றார்.

பென்சிலை வாங்கி, படுக்கவைத்துத் தேய்த்துக் காட்டினேன். சின்ன வயதில் காசின் மேல் தாளை வைத்துத் தேய்ப்போமே, அது மாதிரி. எண் மெல்ல எழுந்து வந்தது. மேலே வந்த பிறகும் கையைக் கழுவவில்லை. விரலில் பென்சில் கரியும் கிரீஸும் கலந்த வாசனை. அதை வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் வண்டிக்கு நாம் இரண்டு முறை இப்படித் தேய்த்திருக்கிறோம். முதல் முறை, நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து புனேக்கு, ஹடப்சர் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த புதிதில். தமிழ்நாட்டு எண்ணைப் பார்த்தாலே சாலைச் சந்திப்பில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கை காட்டிவிடுவார். இந்த ஊரில் அவர்களை 'மாமா' என்பார்கள். "ஊருல மாமன் நமக்குச் சீர் செய்வானுங்க. இங்க நாம மாமனுக்குச் செய்யோணும்" என்று நீங்கள் சொன்னபோதுதான் நாம் முதன்முதலாகச் சேர்ந்து சிரித்தோம். கோவையில் தடையில்லாச் சான்று எழுதி வாங்கினோம், இங்கே கொடுத்தோம், புனே எண் கிடைத்தது. அவ்வளவு எளிதாக முடிந்தது.

இரண்டாம் முறை, உங்கள் மனைவி காலமான மறு வருடம். ஜெர்மனியில் இருக்கும் மகன் உங்களைத் தன்னோடு வந்துவிடும்படி கூப்பிட்டார். நீங்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தீர்கள்.

"போறேனுங்க வாத்தியாரே. ஆனா வண்டியும் வரோணும்."

"அங்கேதான் பஸ்ஸும் ரயிலும் நேரத்துக்கு ஓடுமாமே?"

"பஸ்ஸுல ஏறுனா அது போற எடத்துக்குத்தான் நாம போகோணும்." பிறகு சொன்னீர்கள்: "அம்மிணி ஒக்காந்து வந்த சீட்டுங்க அது."

அதற்குப் பிறகு நான் மறுத்துப் பேசவில்லை. புனே எண் வாங்கிய அனுபவம் நம் இருவருக்கும் இருந்தது. "அப்ப என்ன பண்ணுனோமோ அதேதானுங்க. தூரம் கொஞ்சம் சாஸ்தி" என்றீர்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது. மாற்றுச் சான்றிதழோடு வரும் பிள்ளையை வகுப்பில் சேர்த்தே பழகியவன் நான். இங்கே முறைப்படி பெயரை எடுத்துவிட்டுப் போனால் அங்கே முறைப்படி சேர்த்துக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தோம். அங்கே சேர்த்துக்கொள்வார்களா என்று முதலில் கேட்டுவிட்டு இங்கே பெயரை எடுக்க வேண்டும் என்பது நம் இருவர் புத்திக்கும் எட்டவில்லை.

ஆர்.டி.ஓ. அலுவலகத்து எழுத்தர் பெண் நிமிர்ந்து பார்த்து, "காகா, நக்கி?" என்றாள். பெரியவரே, பதிவை நிச்சயமாகத்தான் ரத்து செய்கிறீர்களா என்று கேட்கிறாள். நீங்கள் கடைக்காரரிடம் இன்னொரு வடாபாவ் கேட்பது போல உற்சாகமாக "நக்கி, நக்கி" என்றீர்கள். முத்திரை விழுந்தது. வீட்டையும் அந்த மாதமே விற்றீர்கள். வண்டி மரப்பெட்டிக்குள் போனது.

அங்கே நம் ஊர் லைசென்ஸ் சில மாதங்களுக்குத்தான் செல்லும், பிறகு தேர்வு எழுத வேண்டும் என்றதும் நான் திரும்பவும் வாத்தியாராகிவிட்டேன். வீடியோ அழைப்பில் என் சாப்பாட்டு மேசைதான் நாற்சந்தி. காபி டம்ளர் நீங்கள், தண்ணீர்ச் சொம்பு லாரி. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்று நகர்த்திக் காட்டினேன்.

"சொம்பு வலப்பக்கம் வந்தா டம்ளர் நிக்கோணும். சரிங்க. நம்ம ஹடப்சர்ல டம்ளரும் நிக்காது, சொம்பும் நிக்காதுங்களே!"

எழுத்துத் தேர்வில் தேறிய அன்று, பத்தாம் வகுப்புப் பிள்ளை போலக் குதித்தீர்கள். "வண்டிக்கு நம்பர் மட்டும் வந்துட்டா நான் இங்க இருந்துக்குவேனுங்க" என்றீர்கள். அந்த ஒன்றுதான் வரவில்லை. பரிசோதனை நிலையத்தில் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து மெச்சினார்களாம். ஆனால் புகைக்கும் சத்தத்துக்கும் தயாரித்த நிறுவனத்தின் சான்று வேண்டும் என்றார்கள். அந்த மாடலே நின்றுபோய்ப் பல காலம். மகன் எழுதாத இடமில்லை. திருப்பி இங்கே அனுப்பலாம் என்றால், இங்கேயும் அதற்குப் பெயர் இல்லை. பழைய வண்டியை வெளிநாட்டிலிருந்து உள்ளே விடவும் மாட்டார்கள்.

"பையன் புது வண்டி வாங்கித் தரேங்கறான். நல்ல பையன். அதுல யாரும் ஒக்காந்ததில்லீங்களே வாத்தியாரே."

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பீர்கள். வீட்டுக் கொட்டகைக் கதவைத் திறந்துவைத்து, வண்டியை உதைத்துக் கிளப்பி, கைபேசியைப் புகைக்குழாய்க்கு அருகில் பிடிப்பீர்கள். "கேக்குதுங்களா?" கேட்டது. ஒரு ஞாயிறு, பக்கத்து வீட்டுக்காரர் வந்து, இங்கே ஞாயிறு சத்தம் போடக் கூடாத அமைதி நாள் என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனாராம். அதோடு அதுவும் நின்றது. பிறகு வந்த அழைப்புகளில் வண்டியைப் பற்றி நீங்கள் பேசவில்லை. குளிரைப் பற்றிப் பேசினீர்கள். நான் நம் கோந்த்வா பக்கத்து டிராஃபிக்கைப் பற்றிப் பேசினேன். இரண்டாவது குளிர்காலத்தில், தூக்கத்திலேயே போய்விட்டீர்கள்.

போன வாரம் உங்கள் மகன் கூப்பிட்டார். வேறு வீட்டுக்குப் போகிறார்கள், கொட்டகை இல்லாத வீடு.

"இங்க இத பழைய இரும்புக்குத்தான் எடுப்பாங்க அங்கிள். எனக்கு மனசே வரல. நீங்க சொன்னா குடுத்துர்றேன்."

எந்த ஊர்ச் சாலையிலும் இறங்க முடியாத ஒரு வண்டியை ஒரு பிள்ளை இன்னும் எத்தனை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவான்? நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை.

"குடுத்துருப்பா" என்றேன்.

அவர் அழுதார். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தனை வருடம் நீங்கள் என்னைப் பின்னால் ஏற்றிப்போன வழியெல்லாம் இப்போது ஆட்டோவில் போகிறேன். பள்ளம் வருவதற்குச் சற்று முன்னால் "எந்திரிங்க வாத்தியாரே" என்பீர்கள். நான் கால்களை ஊன்றி லேசாக எழும்பிக்கொள்வேன். ஆட்டோக்காரர்கள் எதுவும் சொல்வதில்லை. ஆனால் பள்ளம் கண்ணில் பட்டதும் கால்கள் தாமாக ஊன்றிக்கொள்கின்றன. எழும்புகிறேன், உட்காருகிறேன். வீடு வந்து சேர்வதற்குள் எத்தனையோ முறை.