சின்ன டப்பா கிம்ச்சி

அம்மாவுக்கு வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? சியோலில் நான் நலம்.

சாப்பாட்டுக் கடைகளில் மீந்ததை விற்றுத்தரும் எங்கள் செயலியைக் காட்டியபோது, கடைக்கார அக்காக்கள் எல்லோரும், "பிரமாதம்டி! அடுத்த தடவை பாக்கலாம். முதல்ல சாப்பிடு," என்றார்கள். நம்மவர்கள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள் என்பது தெரிந்தும் நம்பினேன். ஒருவரும் சேரவில்லை.

நேற்று எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்து அறையில் புதிதாகக் கம்பெனி திறந்தவர்கள் சூடாக அரிசிப் பலகாரம் தந்தார்கள். "அமோகமா வருவீங்க!" என்று வாழ்த்தினேன். என் கூட்டாளி துஷிக், "நமக்கும் இதேதான் சொன்னாங்க," என்று சிரித்துவிட்டு, தன் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு ஒரேயடியாகப் போய்விட்டான். அவன் பங்குப் பலகாரத்தையும் நானே தின்றேன்.

இனி கிம்ச்சி ஊறுகாயைச் சின்ன டப்பாவில் அனுப்புங்கள். நான் ஒருத்தி தின்று தீர்ப்பதற்குள் பெரியது புளித்துப்போகிறது.

ஊருக்கு எப்போது வருவாய் என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த தடவை பார்க்கலாம், அம்மா.

ஹியேரின்